ஆமென் சொல்லப்படாத வார்த்தை

மரியாளம்மாள் எழுந்து நின்றபோது மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஜெபவீடு இருந்தது. கீற்றுக் கூரை, சாணம் மெழுகிய தரை, ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமுமாகக் கோரைப்பாய். பாட்டு முடிந்து யாரோ கஞ்சிராவைத் தரையில் வைத்தார்கள். காற்றே இல்லை. எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது.

மரியாளம்மாள் கண்களை மூடியபடியே வெள்ளைப் புடவையின் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். வலது கை நீண்டது. அது நீண்ட திசையில் அப்பா முழங்காலில் இருந்தார்.

"இந்த மனுஷனுடைய குமாரத்தியை நான் அறிந்திருக்கிறேன். அவளுக்காக நீ தேடாதே. தேடி வருகிறவனை நானே அனுப்புவேன்."

அவர் உட்காரவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. மேற்கு மூலையில் கூரை அப்படியே மேலெழும்பியது. ஆண்கள் எல்லாரும் பாய்ந்து மூங்கிலைப் பிடித்துத் தொங்கினார்கள். பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள். போதகர் ஒரு கையால் கம்பத்தையும் மறு கையால் வேதப்புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முடிவு ஜெபம் இல்லாமலே அன்று கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா சாந்தா அக்காவிடம் கேட்டார்.

"கேட்டியாம்மா? இனிமே நான் தேட வேணாம்."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டேன்ப்பா" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு அவளை ஆரம்பத்திலிருந்தே நம்பாதவள் என்று சிலர் பேசினார்கள். அது சரியல்ல.

சீனச் சண்டை முடிந்து, அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். தேதிகளில் நான் கறாரானவன் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு நாளுக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை. ஐப்பசியின் பின்பாதி என்ற அளவில் விட்டுவிடுகிறேன்.

மரியாளம்மாள்

அவருடைய பழைய பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. அண்ணனூர்ப் பக்கத்துக் கழனிகளில் நாற்று நட்ட குடும்பம். கழனிகள் மனைகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு அவர் கட்டட வேலைக்குப் போனார், பிறகு தொழிற்பேட்டைக் கேன்டீன் ஒன்றில் பாத்திரம் தேய்த்தார். ஞானஸ்நானம் எடுத்து, மரியாள் என்று பெயர் வைத்துக்கொண்டபோதே நடுத்தர வயதைத் தாண்டியிருந்தார்.

படிக்கத் தெரியாது. ஆனால் தீர்க்கதரிசனம் சொல்லும்போது மட்டும் பிரசங்க மேடையின் தமிழ் வரும். 'அறிந்திருக்கிறேன்', 'அனுப்புவேன்' என்று முழுச் சொல்லாக வரும். சொல்லி உட்கார்ந்த அடுத்த நிமிஷம், "யம்மா, கொஞ்சம் தண்ணி குடு, தொண்ட காஞ்சி கீது" என்பார். இந்த மாற்றத்தையே சபையார் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். வாரந்தோறும் பிரசங்கம் கேட்கிற காதில் அந்தத் தமிழ் தங்கிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் பதிவு செய்கிறேன். தீர்ப்பு என்னுடையதல்ல.

அப்பா அவரை நம்பியதற்குக் காரணம் நான். அம்மா இறந்து ஓரிரு வருஷத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு ஜெபவீட்டில் மரியாளம்மாள் எழுந்து, இந்தப் பிள்ளை சாவதில்லை என்றார். மூன்று பேர் ஆமென் சொன்னார்கள். நான் பிழைத்தேன். அப்பா ஒரு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பா அதை ஒருபோதும் சேர்த்துக்கொண்டதில்லை.

ஆவடியில் வெல்டராக வேலை பார்த்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் இரும்பை உடைக்கும் என்பார். நம்பிக்கையையும் அப்படித்தான் பார்த்தார். ஒரு வார்த்தையை நம்பினால் முழுதாக நம்ப வேண்டும். இடையில் சந்தேகம் ஒரு மயிரிழை நுழைந்தாலும் எல்லாம் விட்டுப்போகும்.

நிதானித்தல்

எங்கள் சபையை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே யார் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னாலும் அது உடனே கர்த்தருடைய வார்த்தை ஆகிவிடாது. ஆதி சபைக்கு அப்போஸ்தலர் எழுதி வைத்த ஒழுங்கு அது. ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். அதாவது, எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் போதகர் தென்தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்துக்காரர், ஒழுங்கில் கண்டிப்பானவர். தீர்க்கதரிசனம் வந்ததும் அதை அவர் ஒருமுறை நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொல்வார். பிறகு சற்று அமைதி. மனதில் உறுதி வந்தவர்கள் ஆமென் என்பார்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சொன்னால் அது சபை ஏற்ற வார்த்தை. யாரும் சொல்லாவிட்டால், "கர்த்தர் அறிவார்" என்று முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். சொன்னவருக்கு இதில் அவமானம் எதுவும் கிடையாது. அடுத்த வாரம் அவரே மறுபடி எழுந்திருக்கலாம்.

சபைச் சரித்திரங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் பின்னாளில் எனக்கு வந்தது. ஆதிக் கிறிஸ்தவர்களிடம் இன்னொரு விதி இருந்ததாகப் படித்தேன். ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசி மூன்று நாள் ஒரே வீட்டில் தங்கினால் அவனை நம்பக் கூடாதாம். சாப்பாட்டுக்காகச் சொல்கிறான் என்று அர்த்தமாம். இதை ஒருமுறை போதகரிடம் சொன்னேன். அவர் சிரித்து, "அந்தக் காலத்துலயும் நம்ம ஆளுகதானே தம்பி" என்றார்.

பழைய ஏற்பாட்டிலும் ஒரு தீர்க்கதரிசி உண்டு. அவர் சொன்ன கசப்பான செய்திக்கு மாறாக இன்னொருவன் சந்தோஷச் செய்தி சொன்னபோது, அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் தன் வழியே போனாராம். உண்மை அவருக்கே உடனே தெரியவில்லை, காத்திருக்க வேண்டியிருந்தது. விசுவாசிகளைக் கேலி செய்கிறவர்கள் இந்தப் பகுதியைப் படித்திருக்க மாட்டார்கள். விசுவாசிகளிலும் பலர் படித்ததில்லை.

'யார் சொல்லி வந்தீங்க?'

அப்பா தேடவில்லை. அது மட்டுமாக இருந்திருந்தால் பாதகமில்லை. வந்தவர்களையும் அவர் திருப்பி அனுப்பினார்.

பெண் கேட்டு யாராவது வந்தால் உட்கார வைத்து, காபி கொடுத்து, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்பார். "யார் சொல்லி வந்தீங்க?" வந்தவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள். ஃபோர்மேன் சொன்னார், மளிகைக்கடைக்காரர் சொன்னார், உங்கள் சபையிலேயே ஓர் அம்மா சொன்னார். அத்தோடு முடிந்தது. ஒரு மனிதன் சொல்லி வந்தவன் கர்த்தர் அனுப்பி வந்தவன் ஆக முடியாது என்பது அப்பாவின் கணக்கு.

அக்கா தொழிற்பேட்டையில் ரேடியோவுக்குக் 'காயில்' என்கிற கம்பிச்சுருள் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். முடியைவிட மெல்லிய கம்பியை அறுந்துபோகாமல் சுற்ற வேண்டும். அவளோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களுடைய தங்கைகள் வேலைக்கு வந்தார்கள். அக்காவை அவர்கள் 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்கு ஒரு தங்கை, ராஜாத்தி அத்தை. பூந்தமல்லியில் பஸ் நிற்கும் இடத்தருகே பூக்கடை. அப்பா மதம் மாறியபோதும் அவர் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது நெற்றியில் குங்குமத்தோடு வந்து, அப்பா ஜெபம் பண்ணி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, பிறகு சண்டை போடுவார்.

"இன்னா அண்ணாத்தே, உங்க சாமி மாப்ளைய ரயில்ல ஏத்தி உட்டுட்டாரா? இன்னும் அண்ணனூரே தாண்டல போல கீது."

அப்பா சிரித்துவிட்டு, "வருவான்" என்பார்.

எமர்ஜென்சிக்கு முந்திய வருஷம். வெயில் காலம். அத்தை ஒரு நாள் கேலி எதுவும் இல்லாமல் வந்தார். பூந்தமல்லியில் ஒரு லேத் பட்டறை. அங்கே கடைசல் பிடிக்கும் டர்னராக இருக்கும் பையன், முப்பத்திரண்டு வயது, தாய் மட்டும்தான். கிறிஸ்தவன். வாரா வாரம் அத்தை கடையில் சர்ச்சுக்குப் பூ வாங்குகிறவன். அக்காவை ஒருமுறை கடையில் பார்த்திருக்கிறான். அவனுடைய அம்மா வந்து கேட்டிருக்கிறார்.

"உங்க பாட்டுதான் பாட்றான், உங்க சாமியதான் கும்புட்றான். இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

"நீ சொல்லித்தானே அவங்க வராங்க?"

"நான் சொல்லாம? இந்தத் தெருவுல ஒரு பொண்ணு குந்திகினு கீதுன்னு பரலோகத்துல போர்டு மாட்டி வெச்சிருக்காங்களா?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை அக்காவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் கேட்டேன். அந்தத் தாய் உடம்புக்கு முடியாதவர். கல்யாணத்தைத் தள்ளிப் போட முடியாது. காஞ்சிபுரத்தில் இன்னொரு இடம் பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அங்கே உறுதி செய்துவிடுவார்கள்.

அக்கா அத்தையை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள். அப்போது நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். வீட்டில் எது எப்போது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள்.

"டேய், அன்னிக்கு மரியாளம்மா சொன்னதுக்கு யாராவது ஆமென் சொன்னாங்களா?"

நான் யோசித்தேன். கஞ்சிரா, புழுக்கம், நீண்ட கை, கூரையின் மூலை, மூங்கிலில் தொங்கிய கைகள். எங்கே தேடியும் ஆமென் இல்லை.

"இல்லக்கா. காத்து வந்துடுச்சு."

"போதகர் திருப்பிச் சொன்னாரா?"

"அவர் கம்பத்தப் புடிச்சுகினு இருந்தாரு."

அவள் அன்று மாலையே போதகர் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு

அத்தை சொன்ன கெடு முடிகிற ஞாயிறு அது. ஆராதனை முடிந்ததும் யாரும் போக வேண்டாம் என்று போதகர் சொன்னார். அப்போது கீற்றுக் கூரை போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வந்திருந்தது, வெயிலில் தகித்தது. எங்கள் பக்கத்தில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். பெண்கள் சற்றுக் கூடுதல். முன்பு சொல்லப்பட்டு நிதானிக்கப்படாமல் போன ஒரு வார்த்தை இருக்கிறது, அதை இன்று சபை நிதானிக்கும் என்றார். பிழை தன்னுடையது, அடுத்த வாரமே அதை எடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பா எழுந்தார். அவருக்கு முன்கூட்டியே தெரியாது. என்னையும் அக்காவையும் பார்த்துவிட்டு நேராக மரியாளம்மாளிடம் கேட்டார்.

"நீ சொன்னதுதானே? கர்த்தர் சொல்லித்தானே சொன்ன?"

மரியாளம்மாளுக்கு அதற்குள் பார்வை மங்கியிருந்தது. குரல் வந்த பக்கமாகத் திரும்பினார்.

"சொல்லியிருப்பேன் நைனா. சொல்லும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது. முடிஞ்சப்புறம் தாகந்தான் தெரியும். ஆனா நான் இன்னா சொன்னாலும் நாலு பேரு நிதானிச்சிதானே வெச்சுக்கீறீங்க? இத மட்டும் நீ ஏன் ஒண்டியா ஊட்டுக்குத் தூக்கிகினு போய்ட்ட?"

"எம்புள்ள பொழைப்பான்னு சொன்னியே. பொழைச்சான்ல?"

"பொழைச்சான். அதுக்கு ஆமென் சொன்னாங்க. நானும் கேட்டேன்."

அப்போது அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். எங்கள் சபையில் பெண்கள் தீர்க்கதரிசனம் சொல்லலாம், நிதானிக்கும் நேரத்தில் பேசும் வழக்கமில்லை. போதகர் தடுக்கவில்லை.

"அப்பா, கர்த்தர் சொல்லியிருந்தா எனக்குச் சந்தோஷந்தான். இன்னும் பத்து வருஷம்னாலும் இருப்பேன். அவரு சொல்லலேன்னா, இத்தினி நாளா நான் யாருக்குக் கீழ்ப்படிஞ்சேன்? அது எனக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

அந்த வார்த்தை என்ன என்று போதகர் என்னைக் கேட்டார். நான் எழுந்து, கேட்டபடி சொன்னேன். அவர் அதை நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னார். தேடாதே. தேடி வருகிறவனை நானே அனுப்புவேன். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

எங்கள் சபையில் அமைதி அபூர்வம். பிரசங்கத்தின் நடுவே, ஜெபத்தின் நடுவே, அறிவிப்பின் நடுவேகூட யாராவது ஒருவர் ஆமென் சொல்லிக்கொண்டே இருப்பார். அன்று ஆராதனைப் பாய்மேல் ஒரு கோழி நடந்து போன சத்தம் கேட்டது. மூத்தவர்கள் இரண்டு பேர் தலை குனிந்திருந்தார்கள். மரியாளம்மாள் கைகளைக் கோத்து வைத்திருந்தார். அவர் நினைத்திருந்தால் தான் சொன்னதற்குத் தானே ஆமென் சொல்லியிருக்கலாம், அதற்குத் தடையில்லை. சொல்லவில்லை.

எல்லாரும் அப்பாவைப் பார்க்காமல் பார்த்தார்கள். சபையிலேயே உரத்த ஆமென் அவருடையது. அவர் ஒருவர் சொல்லி, அவர் மேலுள்ள மரியாதைக்காக இன்னொருவர் சொன்னால் போதும், வார்த்தை நிற்கும். அக்கா தன் காலடியில் பாயின் ஒரு கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் உதடுகள் பிரிந்தன. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். மூச்சை இழுத்தார். பிறகு அந்த மூச்சை அப்படியே, சத்தமில்லாமல் வெளியே விட்டார்.

"கர்த்தர் அறிவார்" என்றார் போதகர். யாரோ கஞ்சிராவை எடுத்தார்கள்.

அப்பா ஏன் ஆமென் சொல்லவில்லை என்று பின்னால் பல விளக்கங்கள் வந்தன. விசுவாசத்திலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள் சிலர். தேடி வந்தது அந்தப் பையன்தானே, வார்த்தை அப்படியே நிறைவேறிவிட்டது என்று வேறு சிலர் எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டார்கள். நான் அப்பாவைக் கேட்டதில்லை. அவர் அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அதே சபைக்குப் போனார், அதே இடத்தில் முழங்காலிட்டார். இது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ரயில்வே கேட்

திரும்பும்போது மூவரும் தனித்தனியாக நடந்தோம். அப்பா முன்னால், அக்கா சற்றுப் பின்னால், நான் கடைசியில். தார் உருகி செருப்பில் ஒட்டியது. ரயில்வே கேட் மூடியிருந்தது, அரக்கோணம் போகும் கூட்ஸ் வண்டிக்காக. நிற்க வேண்டியதாயிற்று. சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து போனார்கள். நாங்கள் போகவில்லை.

வண்டி நீளமானது. நிலக்கரித் தூள் பறந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை. கடைசிப் பெட்டி தாண்டி, கார்டின் கொடி கண்ணிலிருந்து மறைந்ததும், அப்பா திரும்பாமலே கேட்டார்.

"சாந்தா, அந்தப் பையன் பேரு இன்னா?"

அந்த ஒரு வாரமும் அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. அத்தையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அக்கா பெயரைச் சொன்னாள். அப்பா அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேட் தூக்கப்பட்டது. எங்கள் வீடு இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பி, பூந்தமல்லி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.